மனையியல் வளர்த்த மாண்பாளர்

உரைநடை

நுழையும்முன்

மட்டாஞ்சேரியின் பஜார் வீதி வழியே நீங்கள் பலமுறை நடந்திருப்பீர்கள். பண்டகசாலைகளின் வாயிலில் சுக்கின் மணமும் மிளகின் காரமும் காற்றில் கலந்திருக்கும். உள்ளே அமர்ந்து சரக்கைப் புடைத்தும் பொறுக்கியும் தரம் பிரிக்கும் பெண்களையும் பார்த்திருப்பீர்கள். பகலெல்லாம் இவ்வாறு உழைக்கும் பெண்ணொருத்தி மாலையில் வீடு திரும்புகிறாள்; அடுப்பை மூட்டுகிறாள்; எல்லாரும் உண்டு முடித்தபின் மீந்ததைத் தான் உண்கிறாள். இக்காட்சி நமக்கு மிகவும் பழகியது. பழகிய காரணத்தினாலேயே நாம் அதனைப் பற்றி வினா எழுப்புவதில்லை.

அந்த வினாவை எழுப்பியவர் ஒருவர் இருந்தார். வீட்டில் யார் எதனை உண்கின்றனர், யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, குழந்தை ஏன் மெலிகிறது என்னும் வினாக்களை அவர் அடுப்பங்கரையிலிருந்து ஆய்வகத்திற்குக் கொண்டு சென்றார். அங்குக் கண்ட விடைகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டு வந்தார். பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் உருவாகவும் துணைநின்றார். அவரே இராஜம்மாள் தேவதாஸ். அவர் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. திறக்கத் தயங்கிய கதவுகள்

இன்று ஒரு சிறுமி காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குச் செல்வது இயல்பான நிகழ்ச்சி. ஆனால் இந்த இயல்பு எளிதில் வந்ததன்று. இந்தியாவில் பெண்கள் இருவர் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஆண்டு 1883. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்குலியுமே அவ்விருவர். தமிழகத்தில் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராசாக் கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆண்கள் பயிலும் இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இசைவளித்த பின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது. பின்பு 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றார்.

இத்தகைய எதிர்ப்புகளைக் கண்டவர்கள் பெண்களுக்கெனத் தனிக் கல்லூரிகளை நிறுவத் தலைப்பட்டனர். சென்னையில் 1914-இல் தொடங்கப்பெற்ற கல்லூரி பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. நாம் வாழும் கொச்சிப் பகுதியில் 1925-இல் எறணாகுளத்தில் புனித தெரேசா கல்லூரி தோன்றியது. அக்காலக் கொச்சி சமஸ்தானத்தின் முதல் பெண்கள் கல்லூரி அதுவே. படகேறிக் காயலைக் கடந்தால் சென்று சேரும் தொலைவில் அக்கல்லூரி இன்றும் விளங்குகிறது.

2. செங்கம் முதல் ஒகையோ வரை

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1919 ஏப்ரல் 7 அன்று இராஜம்மாள் பிறந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியில் மனையியல் பயின்று பட்டம் பெற்றார். மனையியல் என்பது உணவு, உடை, உறைவிடம், குழந்தை வளர்ப்பு, குடும்ப வரவுசெலவு ஆகியவற்றை அறிவியல் நெறியில் ஆராயும் துறையாகும். அக்காலத்தில் அது நம் நாட்டிற்குப் புதியது.

மேலும் கற்க விரும்பிய அவர் கடல் கடந்து அமெரிக்காவிற்குச் சென்றார். அங்கு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஊட்டச்சத்தியலிலும் உயிர்வேதியியலிலும் ஆய்வு செய்து 1950-இல் முனைவர் பட்டம் பெற்றார். இதன் அருமையை உணர வேண்டுமாயின், அடுத்த ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கைக் காண வேண்டும். 1951-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேரே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தொண்ணூற்றொரு பேருக்குத் தம் பெயரை எழுதவும் தெரியாத நாட்டில், ஒரு பெண் முனைவராகத் திரும்பி வந்தார்.

அவர் கற்ற பல்கலைக்கழகத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. உழவர்க்கும் தொழிலாளர்க்கும் பயன்படும் கல்வியைத் தருவதற்காக அரசு நிலம் வழங்கி உருவாக்கிய பல்கலைக்கழகங்களுள் அதுவும் ஒன்று. ஆய்வகத்தில் கண்டதை வயலுக்கும் வீட்டிற்கும் எடுத்துச் செல்வது அத்தகைய நிறுவனங்களின் மரபு. இம்மரபு இராஜம்மாளின் பிற்காலப் பணிகளிலும் வெளிப்பட்டது. தாயகம் திரும்பிய அவர் மைய அரசில் மனையியல் சார்ந்த பொறுப்பை ஏற்றுப் பணியாற்றினார். அதன்பின் கோயம்புத்தூர் அவரை அழைத்தது.

3. கோவையில் ஒரு கல்லூரி

தி. சு. அவினாசிலிங்கம் விடுதலைப் போராட்ட வீரர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தவர். தமிழில் கலைக்களஞ்சியம் வெளிவர வழிவகுத்தவர். அவர் 1957-இல் கோவையில் பெண்களுக்கென ஒரு மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்று அதனை வளர்த்தெடுத்தவர் இராஜம்மாள் ஆவார்.

நாம் எறணாகுளத்தில் தொடர்வண்டி ஏறிப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் சில மணி நேரத்தில் கோவையை அடையலாம். மலையின் அப்பக்கத்தில் நிகழ்ந்த அம்முயற்சியின் பயன் இப்பக்கத்து வீடுகளுக்கும் உரியதே.

"சமையல் செய்யவும் ஒரு பட்டமா?" என்று அக்காலத்தில் ஏளனமாகக் கேட்டவர் உண்டு. இவ்வேளனம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் எல்லன் சுவாலோ ரிச்சர்ட்சு என்னும் பெண்மணி மாசசூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண் ஆவார். வேதியியல் கற்ற அவர், குடிநீரின் தூய்மையையும் உணவில் கலப்படத்தையும் ஆராய்ந்தார். அவரே மனையியல் இயக்கத்தின் முன்னோடியாகவும் திகழ்ந்தார். ஆய்வகங்கள் பெண்களுக்கு வாயிலை அடைத்திருந்த காலத்தில், வீடு என்னும் சொல்லைச் சாவியாகக் கொண்டு அவர்கள் அறிவியலின் உள்ளே நுழைந்தனர். இராஜம்மாளும் அச்சாவியையே கையில் எடுத்தார்.

4. குழந்தை அமுது

விலையுயர்ந்த உணவே சத்துள்ள உணவு என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியிருந்தது. பாலும் முட்டையும் வாங்க இயலாத தாய், தன் குழந்தையின் மெலிவைத் தலைவிதி என்று எண்ணினாள். இவ்வெண்ணத்தை மாற்றுவது எவ்வாறு? அறிவுரை கூறினால் மட்டும் போதாது. கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு செய்து காட்ட வேண்டும்.

இராஜம்மாளும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய சத்துமாவின் பெயர் 'குழந்தை அமுது'. வறுத்த தானிய மாவு, வறுத்த பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம் ஆகியவற்றைக் கலந்து அதனைச் செய்தனர். இவற்றுள் எதுவும் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. அனைத்தும் ஊர்ச் சந்தையில் கிடைப்பவையே.

இக்கலவையில் ஓர் அறிவியல் நுட்பம் அடங்கியுள்ளது. நம் உடலின் தசைகள் புரதத்தினால் ஆனவை. புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனது. அவற்றுள் சிலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வழியாகவே பெற வேண்டும். தானியங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் லைசின் மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. தானியத்தையும் பயற்றையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

உங்கள் காலை உணவை எண்ணிப் பாருங்கள். தமிழ் வீடுகளில் இட்லியும் பொங்கலும் உண்கிறோம். அரிசியும் பருப்பும் அவற்றில் இணைகின்றன. அண்டை வீட்டு மலையாள நண்பர் புட்டும் கடலைக் கறியும் உண்கிறார். கஞ்சியும் பயறும் உண்கிறார். அங்கும் தானியமும் பயறுமே இணைகின்றன. பாட்டிமார் பட்டறிவினால் கண்டதற்கு அறிவியல் காரணம் காட்டியது. காரணம் தெரிந்தமையால், அரிசி கிடைக்காத ஊரில் சோளத்தையோ கேழ்வரகையோ கொண்டும் அதே பயனைப் பெற முடிந்தது. பட்டறிவு ஓர் ஊருக்கு உதவும். காரணம் தெரிந்த அறிவு எல்லா ஊருக்கும் உதவும்.

கீரையைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். கீரையிலுள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறுகிறது. அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் தோன்றும். குறை மிகுந்தால் பார்வையே பறிபோகும். பச்சைக் கீரையிலிருந்தும் உலர்த்திய கீரையிலிருந்தும் அச்சத்துச் சிறுவர் உடலில் எவ்வளவு சேர்கிறது என்பதை அவரும் உடன்பணியாற்றியோரும் ஆய்ந்து வெளியிட்டனர். ஏழையின் கொல்லையில் வளரும் கீரையும் ஆராய்ச்சிக்கு உரிய பொருள் என்பதை அவ்வாய்வு உணர்த்தியது. ஊட்டச்சத்தைப் பற்றிய ஆய்விதழ் ஒன்றும் 1964 முதல் அக்கல்லூரியிலிருந்து வெளிவரலாயிற்று.

5. கல்லூரி பல்கலைக்கழகம் ஆயிற்று

1988-இல் அவினாசிலிங்கம் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் முதல் துணைவேந்தராக இராஜம்மாள் பொறுப்பேற்றார். பின்னர் வேந்தராகவும் விளங்கினார்.

துணைவேந்தர் என்பவர் யார்? பல்கலைக்கழகத்தின் தலைவர் வேந்தர். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆளுநரே அப்பதவியை வகித்து வந்துள்ளார். ஆனால் அன்றாட நிருவாகத்தை நடத்துபவர் துணைவேந்தரே. எந்தப் பாடங்களைத் தொடங்குவது, ஆசிரியர்களை எவ்வாறு தெரிவு செய்வது, தேர்வை எவ்வாறு நடத்துவது, வரும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்னும் முடிவுகள் அவர் தலைமையில் எடுக்கப்படுகின்றன. ஒரு கல்லூரி, பிறர் வகுத்த பாடத்தைக் கற்பிக்கிறது. பல்கலைக்கழகமோ தானே பாடத்தை வகுக்கிறது. தானே பட்டமும் வழங்குகிறது. ஆகவே, பெண்களுக்கான கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, எதைக் கற்பது என்று முடிவு செய்யும் உரிமையும் பெண்களின் கைக்கு வந்தது.

இராஜம்மாள் தமிழ்நாட்டின் மாநிலத் திட்டக் குழுவிலும் உறுப்பினராகப் பணியாற்றினார். ஆய்வகத்தில் பெற்ற அறிவு, அரசு திட்டங்களை வகுக்கும் அவையிலும் ஒலித்தது. 1992-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2002 மார்ச்சு 17 அன்று அவர் மறைந்தார்.

6. ஒரு மறுப்பும் அதன் விடையும்

இங்கு நாம் எண்ண வேண்டிய ஒரு கருத்து உண்டு. பெண்களுக்கு மனையியலைக் கற்பிப்பது அவர்களை மீண்டும் வீட்டிற்குள்ளேயே நிறுத்துவது ஆகாதா? சமையலும் குழந்தை வளர்ப்பும் பெண்ணுக்கு மட்டும் உரியவை என்னும் பழைய எண்ணத்தை அது வலுப்படுத்தாதா? இம்மறுப்பைக் கூறியவர் பலர். இதில் உண்மை இல்லை என்று தள்ளிவிட முடியாது. சில வீடுகளில் நல்ல மணமகள் ஆவதற்கு ஏற்ற படிப்பு என்று மட்டும் கருதி மகளை மனையியலில் சேர்த்தனர். இயற்பியலோ பொறியியலோ கற்க விரும்பிய பெண்களும் அவ்வாறு திசைதிருப்பப்பட்டிருக்கலாம்.

ஆயினும் வேறொரு பக்கத்தையும் காண வேண்டும். மகளை வேறு எக்கல்லூரிக்கும் அனுப்ப இசையாத பெற்றோர், மனையியல் என்றவுடன் இசைந்தனர். அவ்வாறு உள்ளே வந்த பெண், வேதியியலும் உயிரியலும் புள்ளியியலும் கற்றாள். அவள் ஊட்டச்சத்து வல்லுநராகவும் பேராசிரியராகவும் அலுவலராகவும் வெளியே வந்தாள். நுழைந்த வாயில் சிறியது. சென்று சேர்ந்த வெளி பெரியது.

குறை பாடத்தில் இல்லை. அதனைப் பெண்களுக்கு மட்டும் உரியதாக்கியதில் உள்ளது. எந்த உணவில் என்ன சத்து உள்ளது என்பதை மகனும் அறிதல் வேண்டும். வீட்டு வரவுசெலவைத் தந்தையும் தாயும் சேர்ந்து திட்டமிடுதல் வேண்டும். வீடு அனைவர்க்கும் பொதுவாயின், வீட்டைப் பற்றிய அறிவும் அனைவர்க்கும் பொதுவே.

7. நமக்குரிய செய்தி

கேரளத்திலும் இத்தகைய முன்னோடியர் தோன்றினர். ஜான்சி ஜேம்சு என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 2004-இல் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். கேரளத்தில் இப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே. பின்னர்க் காசர்கோட்டில் தொடங்கப்பெற்ற கேரள மையப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் விளங்கினார்.

மாணவர்களே! உங்கள் பெற்றோரோ பாட்டனாரோ பிழைப்பு நாடித் தமிழகத்திலிருந்து இங்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் என நான்கு மொழிகளுக்கிடையே நீங்கள் வளர்கிறீர்கள். வெளியூரில் வாழும் குடும்பத்தில் பணம் குறையும்போது, முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் மகளின் படிப்பாகவே இருக்கிறது. "பத்தாம் வகுப்பு வரை படித்தாயிற்று, போதாதா?" என்னும் வினா உங்கள் வீட்டிலும் எழலாம், அக்கம்பக்கத்திலும் எழலாம். அப்போது நீங்கள் வாய்மூடி இருத்தல் ஆகாது. அக்காவுக்காகத் தம்பி பேச வேண்டும். தோழிக்காகத் தோழி பேச வேண்டும். ஆசிரியரிடம் சொல்லி உதவித்தொகைக்கு வழி கேட்க வேண்டும்.

செங்கம் என்னும் ஊரில் ஒரு சிறுமியின் படிப்பு இடையில் நின்றிருந்தால், எத்தனையோ பெண்கள் பட்டம் பெற்ற ஒரு பல்கலைக்கழகம் அவ்வளவு திறமையான முதல் துணைவேந்தரை இழந்திருக்கும். மட்டாஞ்சேரியில் இன்று படிப்பை நிறுத்த நேரும் சிறுமி எவ்வாறெல்லாம் உயர்ந்திருப்பாள் என்பதை யார் அறிவார்?

இன்றிரவு உணவு உண்ணும்போது, அம்மாவையும் உடன் அமரச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

சொற்பொருள்

மனையியல் – இல்வாழ்க்கைக்குரிய செய்திகளை ஆராயும் அறிவியல்
மாண்பாளர் – பெருமைக்குரியவர்
பண்டகசாலை – சரக்குகளைச் சேர்த்து வைக்கும் இடம்
இசைவு – உடன்பாடு
தலைப்படுதல் – முற்படுதல்
ஏளனம் – இகழ்ச்சி
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
நிகர்நிலைப் பல்கலைக்கழகம் – பல்கலைக்கழகத்திற்கு நிகரான தகுதி வழங்கப்பெற்ற கல்வி நிறுவனம்

தெரிந்துகொள்வோம்

தமிழில் 'பல்கலைக்கழகம்' என்பதை மலையாளத்தில் 'சர்வகலாசாலை' என்பர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழிலும் 'சர்வகலாசாலை' என்னும் சொல்லே வழங்கிற்று. தமிழின் 'கீரை' மலையாளத்தில் 'சீர' என வழங்குகிறது. 'கஞ்சி' இரு மொழிகளிலும் ஒன்றே. உணவுப் பெயர்களை ஒப்பிட்டால் இரு மொழிகளின் உறவு புலப்படும்.

மொழிப்பகுதி

'கற்ற பெண்' – இதில் 'கற்ற' என்னும் முற்றுப்பெறாத வினை, 'பெண்' என்னும் பெயரைக் கொண்டு முடிந்தது. ஆகவே இது பெயரெச்சம்.
'கற்று வந்தாள்' – இதில் 'கற்று' என்னும் முற்றுப்பெறாத வினை, 'வந்தாள்' என்னும் வினையைக் கொண்டு முடிந்தது. ஆகவே இது வினையெச்சம்.

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தெரிவு செய்க.

1. இராஜம்மாள் தேவதாஸ் பிறந்த ஊர் ______.
(புதுக்கோட்டை, செங்கம், கோயம்புத்தூர்)

2. தானியங்களில் குறைவாக உள்ள அமினோ அமிலம் ______.
(லைசின், மெத்தியோனின், கரோட்டின்)

3. பல்கலைக்கழகத்தின் அன்றாட நிருவாகத்தை நடத்துபவர் ______.
(வேந்தர், ஆளுநர், துணைவேந்தர்)

ஆ. பிரித்து எழுதுக.

1. மனையியல்
2. துணைவேந்தர்
3. ஊட்டச்சத்து

இ. பெயரெச்சமா, வினையெச்சமா எனக் கூறுக.

1. வறுத்த பயறு
2. கடந்து சென்றார்
3. மீந்த உணவு
4. ஏற்றுப் பணியாற்றினார்

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. முத்துலட்சுமி ரெட்டி கல்லூரியில் சேர விரும்பியபோது எழுந்த எதிர்ப்பு யாது?
2. 'குழந்தை அமுது' எப்பொருள்களால் செய்யப்பட்டது?
3. கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

உ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. "பட்டறிவு ஓர் ஊருக்கு உதவும், காரணம் தெரிந்த அறிவு எல்லா ஊருக்கும் உதவும்." இக்கூற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. மனையியல் கல்வி பெண்களை வீட்டிற்குள் நிறுத்தியதா, வெளியே கொண்டு வந்ததா? பாடத்தில் கூறப்பட்ட இரு பக்கங்களையும் எழுதி, உம் கருத்தைக் காரணத்துடன் கூறுக.

ஊ. செயல்பாடு

1. ஒரு வாரம் உங்கள் வீட்டில் இரவு உணவை முதலில் உண்பவர் யார், இறுதியில் உண்பவர் யார் என்று குறித்து வருக. வார இறுதியில் அக்குறிப்பை வீட்டாருடன் கலந்து பேசி, உங்கள் குடும்பம் எடுத்த முடிவை ஐந்து தொடர்களில் எழுதுக.

2. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்த பெண்மணி ஒருவரிடம், அவர் எவ்வகுப்பு வரை படித்தார், ஏன் நிறுத்தினார், மேலும் படித்திருந்தால் என்ன ஆகியிருக்க விரும்பினார் என்று கேட்டறிக. அவர் கூறியதை, அவர் பெயரைக் குறிப்பிடாமல், தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.